எட்டு இடத்துக்குள் வருவாரா?

பாரிஸ் ஒலிம்பிக்கில் ஆண்கள் கோல்ஃப் தங்கம் ஸ்காட்டி ஷெஃப்லருக்கு, வெள்ளி டாமி ஃப்ளீட்வுட்டுக்கு, வெண்கலம் ஹிடெகி மட்சுயாமாவுக்கு. கடைசி நாளில் ஷெஃப்லர் 18 குழிகளையும் வெறும் 62 அடியில் முடித்தது பற்றித்தான் எங்கும் பேச்சு; கோல்ஃபில் அடி குறையக் குறையத்தான் நல்லது. பேச வேண்டிய ஆட்டம்தான். ஆனால் அந்த நான்கு நாளும் என் மனசு மைதானத்தில் இல்லாத ஓர் ஆளைச் சுற்றியே ஓடிக்கொண்டிருந்தது. யோஸ்ட் லௌட்டன், நெதர்லாந்துக்காரர், அப்போது வயது 38. சர்வதேச கோல்ஃப் கூட்டமைப்பின் பட்டியல்படி ஒலிம்பிக்கில் ஆடும் அறுபது பேரில் அவருக்கு இடம் இருந்தது. அவருடைய சொந்த நாட்டு ஒலிம்பிக் கமிட்டி அனுப்ப மாட்டேன் என்றது. அவர் நீதிமன்றத்துக்குப் போனார், ஜெயித்தார். அப்படியும் பாரிஸுக்குப் போகவில்லை.

நான் நெதர்லாந்தில் ஐந்தோவன் பக்கம் வேலை பார்ப்பவன். அலுவலகத்தில் மத்தியானக் காபி நேரத்தில் இந்த விஷயம் ஓடியபோது டச்சு நண்பர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். “எட்டு இடத்துக்குள் வர வாய்ப்பில்லை என்றால் எதற்கு அனுப்ப வேண்டும்?” என்று ஒரு கட்சி. “தகுதி பெற்றவனைத் தடுக்க இவர்கள் யார்?” என்று இன்னொரு கட்சி. முதல் கட்சி பேசியதில் நியாயம் இல்லை என்று சட்டென்று ஒதுக்க என்னால் முடியவில்லை. ஆனால் ஒப்புக்கொள்ளவும் முடியவில்லை. இத்தனை நாள் கழித்தும் அது என்னை விடாமல் பிடித்திருப்பதால்தான் இதை எழுதுகிறேன்.

கமிட்டியின் விதி எளிமையானது. உலகக் கூட்டமைப்பு கொடுக்கும் தகுதி மட்டும் போதாது. ஒலிம்பிக்கில் முதல் எட்டு இடங்களுக்குள் வர நியாயமான வாய்ப்பு இருக்கிறது என்று ஒவ்வொரு வீரரும் காட்ட வேண்டும். உலகத் தரவரிசையில் லௌட்டன் அப்போது 150ஐ ஒட்டி இருந்தார். ஒரு நாட்டுக்கு இத்தனை பேர்தான் என்ற வரம்பு இருப்பதால் அமெரிக்கர்களும் கொரியர்களும் இங்கிலாந்துக்காரர்களும் வரிசையாகக் கழிந்து, 150ஐ ஒட்டி இருப்பவரும் அறுபதுக்குள் வந்துவிடுவார். கூட்டமைப்பே வைத்த ஏற்பாடு அது. பல நாடுகள் வந்து ஆட வேண்டும் என்பதற்காகவே வைத்தது. கமிட்டி அதைத் தனக்குச் சம்பந்தமில்லாத கணக்காகப் பார்த்தது. அதே ஆண்டு பிப்ரவரியில்தான் கென்யா ஓபனை வென்றிருந்த டாரியஸ் ஃபான் ட்ரீலுக்கும் அனுமதி இல்லை. பெண்கள் பிரிவில் டெவி வேபருக்கும் அதே பதில் வந்தது.

பிளைஸ்வைக் பையன்

லௌட்டன் 1986இல் பிறந்தவர், ஊர் பிளைஸ்வைக். ராட்டர்டாமுக்கு வடக்கே, கண்ணாடிக் கூடாரங்களுக்குள் காய்கறியும் பூவும் விளையும் பகுதி. கோல்ஃப் என்றதும் நமக்கு நினைவு வரும் ஸ்காட்லாந்துக் கடற்கரையும் புளோரிடா பனைமரங்களும் அங்கே கிடையாது. ஆனால் நெதர்லாந்தை கோல்ஃப் தெரியாத நாடு என்று நினைத்துவிடக் கூடாது. பதினேழாம் நூற்றாண்டில் ஹென்ட்ரிக் ஆவர்காம்ப் வரைந்த குளிர்கால ஓவியங்களைப் பார்த்தால், உறைந்த கால்வாயின் மேல் கையில் மட்டையோடு பந்தைக் குறிபார்த்து நிற்கும் ஆட்கள் இருப்பார்கள். இன்றைக்கும் கோல்ஃப் இங்கே சாதாரணக் குடும்பங்கள் ஆடும் ஆட்டம். ஆரம்பத்தில் விதிகள் பற்றி ஒரு எழுத்துத் தேர்வு, களத்தில் ஒரு சோதனை. அது முடிந்தால் ஆசிரியை, தச்சர், ஓய்வுபெற்ற போஸ்ட்மேன் என்று யார் வேண்டுமானாலும் சனிக்கிழமை காலையில் மைதானத்தில் இறங்கலாம். நானும் அந்த வழியாகத்தான் உள்ளே போனேன். மழையில் நனைந்த புல்லில் ஏழாம் எண் இரும்பு மட்டையை வீசி, பந்துக்கு ஒரு சாண் முன்னாலேயே மண்ணைப் பெயர்த்தெடுத்து, மணிக்கட்டிலிருந்து தோள்வரை அதிர்வு ஏறுவதை உணர்ந்த பிறகுதான், தொலைக்காட்சியில் இவர்கள் செய்வது என்னவென்று எனக்குக் கொஞ்சமாவது புரிய ஆரம்பித்தது.

2006 அக்டோபர். தென்னாப்பிரிக்காவின் ஸ்டெலன்போஷில் ஐசனோவர் கோப்பை நடந்தது. தொழில்முறைக்கு வராத ஆட்டக்காரர்களின் உலக அணிப் போட்டி அது. ஒரு நாட்டுக்கு மூன்று பேர், தினமும் சிறந்த இரண்டு ஸ்கோர்களே கணக்கில் சேரும். டிம் ஸ்லௌட்டர், வில் பெஸலிங், யோஸ்ட் லௌட்டன் மூவரும் ஆடிய நெதர்லாந்து அணி அந்தக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு வந்தது. அமெரிக்கா, ஆஸ்திரேலியா, இங்கிலாந்து எல்லாம் ஆடிய போட்டி. போட்டிக்கு முந்தைய வாரம் ஏதாவது ஒரு அலுவலக மேஜையில் உட்கார்ந்து, டச்சு அணிக்கு நியாயமான வாய்ப்பு இருக்கிறதா என்று யாராவது கணக்குப் போட்டிருந்தால் என்ன விடை வந்திருக்கும்? இந்தக் கேள்வி இனி வரப்போகும் எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கிறது. லௌட்டன் என்ற ஆட்டக்காரரை உலகம் முதலில் பார்த்ததே, யாரும் எதிர்பார்க்காத ஒரு வெற்றியில்தான்.

அந்த வெற்றியோடு தொழில்முறைக்கு வந்தார். வந்த வேகத்திலேயே மணிக்கட்டு படுத்தது. 2008ஆம் ஆண்டின் பெரும்பகுதி அதில் போயிற்று. கால்பந்து வீரருக்கு முழங்கால் எப்படியோ, கோல்ஃப் ஆடுபவருக்கு மணிக்கட்டு அப்படி. மட்டை பந்தில் படும் நொடியில் உடம்பின் மொத்த வேகமும் முன்கையின் மணிக்கட்டில்தான் வந்து நிற்கிறது. நீளமான ஈரப்புல்லுக்குள் பந்து மாட்டிக்கொண்டால் புல் மட்டையின் கழுத்தைச் சுற்றிக்கொண்டு முறுக்கும். அந்த முறுக்கலைத் தாங்குவதும் அதே மணிக்கட்டுதான். இருபத்திரண்டு வயதில், கூட ஆடியவர்கள் வாராவாரம் சம்பாதிக்கத் தொடங்கிய நேரத்தில், வீட்டில் உட்கார்ந்து கை குணமாவதற்குக் காத்திருப்பது எப்படி இருக்கும்? இந்தத் தொழிலில் மாதச் சம்பளம் கிடையாது. முதல் இரண்டு நாள் ஆட்டத்தில் ‘கட்’ என்னும் தகுதிக் கோட்டைத் தாண்டாவிட்டால் பரிசுப் பணமும் இல்லை. விமானச் செலவு, தங்கும் செலவு, பை தூக்கிக் கூட வரும் கேடியின் கூலி எல்லாம் சொந்தக் கையிலிருந்து.

கை தேறியது. ‘ஐரோப்பியச் சுற்று’ என்னும் தொழில்முறைப் போட்டித் தொடரில் முதல் வெற்றி 2011 நவம்பரில் வந்தது. அதுவும் ஐரோப்பாவில் இல்லை, மலேசியாவின் ஜோகூரில். மழை ஆட்டத்தை 54 குழிகளாகச் சுருக்கிவிட்டது. டேனியல் சோப்ராவை ஓர் அடியில் முந்தினார். அப்புறம் 2013 கோடையில் ஆஸ்திரியாவில் ஒன்று. அதே ஆண்டு செப்டம்பரில், ஸாண்ட்ஃபோர்ட் கடற்கரை மணல்மேடுகளுக்கு நடுவே இருக்கும் கென்னமர் மைதானத்தில் சொந்த நாட்டு ஓபன்.

கென்னமர் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் மேலே போக வேண்டும். செவே பயஸ்டெரோஸ் என்ற பத்தொன்பது வயது ஸ்பானியப் பையன் தன் முதல் ஐரோப்பியச் சுற்றுப் பட்டத்தை 1976இல் வென்றது இங்கேதான். டச்சு ஓபன் 1912இலிருந்து நடக்கிறது. ஆனால் டச்சுக்காரர்கள் அதை ஜெயித்தது மிக அபூர்வம். 1947இல் யோப் ரூல். அதன்பிறகு 2003இல் மார்டன் லாஃபெபர் வரும்வரை யாரும் இல்லை, ஐம்பத்தாறு வருடம். அதற்குப் பத்து வருடம் கழித்து, 2013இல், லௌட்டனும் மிகேல் ஆங்கெல் ஹிமெனெஸும் சமமாக முடித்து, வெற்றியாளரைத் தீர்மானிக்கும் கூடுதல் ஆட்டமான பிளே-ஆஃபுக்குப் போனார்கள். ஹிமெனெஸுக்கு அப்போது 49 வயது. ஆயிரம் பிளே-ஆஃப் பார்த்த முகம், குதிரைவால் முடி, எதற்கும் பதறாத நடை. எதிரே, சொந்த ஊர்க் கூட்டம் முழுவதும் தன் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டிருக்க ஆட வேண்டிய 27 வயது இளைஞர். முதல் குழியிலேயே முடிந்துவிட்டது. லௌட்டனுக்குப் ‘பார்’, அதாவது அந்தக் குழிக்கென்று வைத்த அடிக் கணக்கு, போதுமாக இருந்தது.

அடுத்த மூன்று வெற்றிகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 2014இல் வேல்ஸ் ஓபன். 2016இல் ஸ்பைக் என்ற ஊரிலுள்ள மைதானத்தில், கடைசி நாளில் 63 அடித்து, ஆஸ்திரியாவின் பெர்ன்ட் வீஸ்பெர்கரை மூன்று அடி பின்தள்ளி, மறுபடியும் சொந்த நாட்டு ஓபன். 2018இல் மஸ்கட்டில் ஓமான் ஓபன். ஆக மொத்தம் ஆறு. நடுவில் உலகத் தரவரிசையில் முதல் ஐம்பதுக்குள் இருந்தார், 2014 மாஸ்டர்ஸில் ஆடி 26ஆம் இடத்தைப் பகிர்ந்துகொண்டார். மாஸ்டர்ஸ் போன்ற ‘மேஜர்’ என்னும் பெரிய போட்டிகளில் பட்டம் இல்லை. உலகம் முழுவதும் தெரிந்த முகமும் இல்லை. ஆனால் தன் நாட்டிலிருந்து வந்த ஆட்டக்காரர்களில் இவ்வளவு தூரம், இவ்வளவு காலம் தாக்குப்பிடித்தவர்கள் மிகச் சிலர்.

கயிற்றுக்கு இந்தப் பக்கம்

டச்சு ஓபன் பெர்னார்டஸ் மைதானத்தில் நடந்தபோது நான் பார்க்கப் போயிருந்தேன். டென் பாஸுக்குப் பக்கத்தில் க்ரோம்ஃபோர்ட் என்ற சின்னக் கிராமம். சைக்கிளை ஒரு மாட்டுப் பண்ணையின் வேலியோரம் நிறுத்திவிட்டு உள்ளே போக வேண்டும். முன்னணிப் பெயர்கள் ஆடும் குழுக்களுக்குப் பின்னால் கூட்டம் இருந்தது. லௌட்டனின் குழுவுக்குப் பின்னாலும் இருந்தது, ஆனால் அது வேறு மாதிரிக் கூட்டம். தாத்தாக்கள், ஜூனியர் கிளப் சட்டை போட்ட பிள்ளைகள், இடுப்பில் மழைக்கோட்டைக் கட்டிக்கொண்ட பெண்கள். அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். யாரும் ‘லௌட்டன்’ என்று சொல்லவில்லை, எல்லோருக்கும் ‘யோஸ்ட்’தான்.

குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரையான ஒரு கிரீனுக்குப் பக்கத்தில், கயிற்றை ஒட்டி எனக்கு இடம் கிடைத்தது. தொலைக்காட்சியில் வராத விஷயங்களை அங்கேதான் பார்த்தேன். பந்தை அடிப்பதற்கு முன் எவ்வளவு வேலை இருக்கிறது! கேடி குனிந்து, முந்தைய பந்துகள் விழுந்து குழிந்த சின்னத் தடங்களைச் சரிசெய்கிறார். ஆட்டக்காரர் சரிவின் கீழ்ப்பக்கம் போய் நின்று பாதங்களால் சாய்வை உணர்ந்து பார்க்கிறார்; கண் சொல்வதைவிடக் கால் சொல்வதை நம்புகிறவர்கள் இவர்களில் நிறையப் பேர். சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டு, அதில் பென்சில் கோடுகள். காற்று எந்தப் பக்கம் என்று புல்லைக் கிள்ளிப் போட்டுப் பார்க்கிறார்கள். அப்புறம் மரங்களின் உச்சியைப் பார்க்கிறார்கள், ஏனென்றால் தரையில் ஒரு காற்று, மேலே வேறு காற்று. தொண்டர் ஒருவர் பலகையைத் தூக்கியதும் கூட்டம் அப்படியே அடங்குகிறது. பந்து உருள்கிறது. குழியின் உதட்டைத் தொட்டு, பாதிச் சுற்றுச் சுற்றி, வெளியே நிற்கிறது.

அந்தப் பாதிச் சுற்றில் ஒரு அடி போயிற்று. நான்கு நாளில், 72 குழிகளில், இப்படி ஐந்தாறு தடவை உதடு உள்பக்கம் சாய்ந்தால் முதல் எட்டு, வெளிப்பக்கம் சாய்ந்தால் முப்பதாம் இடம். நன்றாக ஆடுபவருக்கும் மோசமாக ஆடுபவருக்கும் வித்தியாசம் இல்லை என்று நான் சொல்லவில்லை. ஒரு வருடம் முழுக்கப் பார்த்தால் வித்தியாசம் தெளிவாகத் தெரியும், ஷெஃப்லர் மேலேதான் இருப்பார். ஆனால் ஒரே ஒரு வாரத்தில், உலகின் முதல் இருநூறு பேருக்குள் யார் எங்கே முடிப்பார் என்பதை எந்த வாய்ப்பாட்டாலும் பிடிக்க முடியாது. இதை எனக்குப் புத்தகம் சொல்லிக்கொடுக்கவில்லை. கயிற்றோரம் நின்று பார்த்ததில் கண்ணுக்கே தெரிந்தது.

கமிட்டியின் பக்கம்

கமிட்டியின் பக்கத்தையும் முழு மனசோடு சொல்ல வேண்டும். பாரிஸில் நெதர்லாந்து 15 தங்கம் உட்பட 34 பதக்கங்கள் வாங்கி ஆறாம் இடத்தில் முடித்தது. ஒரு கோடியே எண்பது லட்சம் பேர் மட்டுமே உள்ள நாடு இது. பெரிய சாதனை, அதில் சந்தேகமே இல்லை. ஒலிம்பிக் என்றால் சுற்றுலா கிடையாது, ஜெயிக்கப் போகிறவர்கள்தான் விமானம் ஏற வேண்டும் என்ற கறாரான எண்ணத்துக்கு அந்தச் சாதனையில் பங்கு இருக்கிறது. பனிச்சறுக்கு ஓட்டத்தை (ஸ்பீட் ஸ்கேட்டிங்) எடுத்துக்கொள்ளுங்கள். ஹீரன்வேனில் தீயால்ஃப் அரங்கில் நடக்கும் தேர்வுப் போட்டியில், வேறு எந்த நாட்டில் பிறந்திருந்தாலும் ஒலிம்பிக்கில் கண்டிப்பாக ஆடியிருக்கக்கூடியவர்கள் நொடியின் நூற்றில் சில பங்கில் தோற்று வீட்டுக்குப் போகிறார்கள். டச்சு ரசிகருக்கு அது பழகிய வலி. ஆகவே ‘வாய்ப்பு இல்லாதவரை ஏன் அனுப்ப வேண்டும்’ என்று என் அலுவலக நண்பர் கேட்டபோது அவர் கல்நெஞ்சக்காரர் இல்லை. அந்தப் பண்பாட்டில் வளர்ந்தவர், அவ்வளவுதான்.

ஆனால் பனிச்சறுக்கில் கடிகாரம் இருக்கிறது. நீச்சலில் இருக்கிறது. ஒருவர் இந்தச் சீசனில் என்ன நேரம் எடுத்தார், கடந்த ஒலிம்பிக்கில் எட்டாவது வந்தவர் என்ன நேரம் எடுத்தார் என்று பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ஒலிம்பிக் நீச்சல் குளத்தின் நீளம் எந்த ஊரிலும் ஐம்பது மீட்டர்தான். கோல்ஃபில் அப்படி எதுவும் கிடையாது. ஒவ்வொரு மைதானமும் வேறு. காலையில் ஆடியவருக்கு ஒரு காற்று, மத்தியானம் ஆடியவருக்கு வேறு காற்று. கடிகாரம் இல்லாத ஆட்டத்துக்குக் கடிகார ஆட்டத்தின் அளவுகோலை எடுத்து வைத்ததுதான் இங்கே நடந்த தப்பு என்பது என் தீர்மானம்.

டோக்கியோவில் நடந்ததை எடுத்துக்கொள்வோம். ஆண்கள் பிரிவில் ஸாண்டர் ஷாஃப்லி தங்கம் வென்றார், சரி, எதிர்பார்க்கக்கூடியதுதான். வெள்ளி யாருக்கு? ஸ்லோவாக்கியாவுக்காக ஆடிய ரோரி சபாட்டினிக்கு. 45 வயது, உலகத் தரவரிசையில் நூறுக்கு ரொம்பத் தள்ளி. கடைசி நாளில் 61 அடித்தார். வெண்கலத்துக்கு ஏழு பேர் பிளே-ஆஃப் ஆடினார்கள். அதில் ரோரி மெக்கில்ராய் இருந்தார், சொந்த நாட்டில் ஆடிய மட்சுயாமா இருந்தார், இரண்டு வாரம் முன்னால்தான் பிரிட்டிஷ் ஓபனை ஜெயித்துவிட்டு வந்த காலின் மொரிகாவா இருந்தார். வென்றது தைவானின் சி.டி. பான். அவருக்கு அந்த வாரம் பை தூக்கியது அவருடைய மனைவி. அவரும் தரவரிசையில் நூறுக்கு வெளியேதான். மூன்று பதக்கத்தில் இரண்டு, டச்சுக் கமிட்டியின் கண்ணில் ‘நியாயமான வாய்ப்பு’ இல்லாதவர்களுக்குப் போனது.

நம் பக்கத்து வாசகர்களுக்கு இதைவிட நெருக்கமான உதாரணம் ஒன்று உண்டு. 2021 ஆகஸ்ட் 7, சனிக்கிழமை. அன்று சாயங்காலம் நீரஜ் சோப்ரா ஈட்டி எறிந்து தங்கம் வாங்கியதால் காலையில் நடந்தது பலருக்கு மறந்திருக்கும். அதிகாலையிலிருந்து, அதுவரை கோல்ஃபே பார்த்திராத லட்சக்கணக்கானவர்கள் இந்தியாவின் அதிதி அசோக் குழியை நோக்கிப் பந்தை உருட்டும் ஒவ்வொரு அடியையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உலகத் தரவரிசையில் 200ஆம் இடம். அம்மாதான் கேடி. நெல்லி கோர்டா 17 அண்டர் பார், லிடியா கோவும் மோனே இனாமியும் 16, அதிதி 15. ஓர் அடியில் பதக்கம் போயிற்று, நான்காம் இடம். 200ஆம் இடத்தில் இருப்பவருக்கு எட்டு இடத்துக்குள் வர வாய்ப்பு இல்லை என்று இந்திய அதிகாரி யாராவது ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தால் அந்தக் காலைப்பொழுதே நமக்கு இல்லை. இதை என் டச்சு நண்பரிடம் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். “ஒருத்தருக்கு நடந்ததை வைத்து விதி எழுத முடியாது” என்றார். நல்ல பதில்தான். ஆனால் சபாட்டினி, பான், அதிதி என்று ஒரே ஒலிம்பிக்கில் மூன்று பேருக்கு நடந்திருக்கிறதே. கோல்ஃப் ஒலிம்பிக்குக்குத் திரும்பி வந்ததே 2016இல்தான், நூற்றுப் பன்னிரண்டு வருடம் கழித்து. பார்க்க இருக்கும் சான்றுகளே கொஞ்சம், அந்தக் கொஞ்சத்தில் இவ்வளவு.

ஜெயித்தும் போகாதவர்

வழக்கு அவசர வழக்காக நடந்தது. ஒலிம்பிக் தொடங்க அதிக நாள் இல்லை. நீதிமன்றம் லௌட்டன் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அவரை அனுப்புவதற்கு வேண்டியதைக் கமிட்டி செய்ய வேண்டும் என்றது. தீர்ப்பு வந்த செய்தியைப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. ஒரு மனிதன் தன் தொழிலில் சம்பாதித்த உரிமையை, ஒரு குழுவின் ஊகத்துக்கு எதிராக நிலைநாட்டிவிட்டார் என்று நினைத்தேன்.

ஆனால் ஒலிம்பிக் கோல்ஃப் அறுபது பேருக்கான போட்டி. ஜூன் மாத நடுவில் பட்டியல் முடிந்து, கமிட்டி வேண்டாம் என்று விட்ட இடம் வரிசையில் அடுத்தவருக்குப் போய்விட்டது. அந்த இன்னொருவரும் மனிதர்தான். அவரும் டிக்கெட் போட்டிருப்பார், வீட்டில் சொல்லியிருப்பார். அவரிடமிருந்து திரும்பப் பிடுங்க முடியாது, பிடுங்கவும் கூடாது. ஒரே வழி, அறுபதை அறுபத்தொன்று ஆக்குவது. அதற்குச் சர்வதேச அமைப்புகள் ஒப்புக்கொள்ளவில்லை. முடிந்தது கதை.

இந்த இடத்தில்தான் என் மனசு ஒவ்வொரு தடவையும் வந்து நிற்கிறது. தோற்றிருந்தால் ஒரு கணக்கு முடிந்திருக்கும். முதலிலேயே தேர்வாகாமல் போயிருந்தாலும் முடிந்திருக்கும். ஆனால் ‘நீ சொன்னது சரி, உன்னை அனுப்பியிருக்க வேண்டும்’ என்று நீதிமன்றமே சொன்ன பிறகு வீட்டில் உட்கார்ந்து அந்த நான்கு நாளைக் கடத்த வேண்டியிருப்பது எந்த வகை? இங்கே தனியாக ஒரு வில்லனைக் காட்ட முடியவில்லை. கமிட்டி தன் விதியைக் கடைப்பிடித்தது. கூட்டமைப்பு தன் எண்ணிக்கையைக் கடைப்பிடித்தது. நீதிபதி தன் வேலையைச் செய்தார். ஆளாளுக்குச் சரியாகத்தான் இருந்தார்கள். ஆனாலும் ஒரு மனிதரின் ஒலிம்பிக் போயே போய்விட்டது. காலக்கெடு முடிந்த பிறகுதான் தவறைத் திருத்த வழி திறக்கும் என்றால், அந்த வழி யாருக்குப் பயன்படும்? தேர்வு விதி இருக்கலாம். ஆனால் அதை எதிர்த்து முறையிட்டுப் பதில் பெறும் அவகாசமும் பட்டியல் மூடுவதற்கு முன்னாலேயே இருக்க வேண்டும். இது கோல்ஃபுக்கு மட்டும் இல்லை, எல்லா விளையாட்டுக்கும் பொருந்தும்.

பாரிஸ் மேடையில் வெள்ளிப் பதக்கத்தோடு நின்ற ஃப்ளீட்வுட்டைப் பார்த்தபோது எனக்கு 2014 வேல்ஸ் ஓபன்தான் நினைவுக்கு வந்தது. கெல்டிக் மேனர் மைதானத்தில் லௌட்டன் ஜெயித்தது ஒரே ஓர் அடியில். அந்த ஓர் அடி பின்னால் இரண்டாம் இடத்தைப் பகிர்ந்தவர்கள் இருவர். ஒருவர், ஐந்து வருடம் கழித்து பிரிட்டிஷ் ஓபனை வென்ற ஷேன் லௌரி. இன்னொருவர், அப்போது 23 வயதான டாமி ஃப்ளீட்வுட். பத்து வருடத்தில் இருவரின் பாதையும் எங்கெங்கோ பிரிந்துவிட்டது என்பது உண்மைதான். 2024இல் ஃப்ளீட்வுட் உலகின் மிகச் சிறந்தவர்களில் ஒருவர், லௌட்டன் அப்படி இல்லை. அதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. நான் கேட்பது பதக்கத்தை இல்லை. நான்கு நாள், 72 குழி, அவ்வளவே. அந்த அறுபது பேரோடு சேர்ந்து ஆட்டம் தொடங்கும் இடமான முதல் டீயில் நின்று, தன் பெயரும் நாட்டின் பெயரும் ஒலிபெருக்கியில் வர, பந்தை வைத்து அடிக்கும் உரிமை. ஐம்பத்தைந்தாம் இடத்தில் முடித்திருந்தாலும் அது அவர் சம்பாதித்த ஐம்பத்தைந்தாம் இடம். பெர்னார்டஸில் அவருக்குப் பின்னால் நடந்த அந்த ஜூனியர் பிள்ளைகளுக்கு, ஆரஞ்சுச் சட்டையில் ஒரு டச்சு ஆட்டக்காரர் ஒலிம்பிக் மைதானத்தில் நடப்பதைப் பார்ப்பதே ஒரு விஷயம். கமிட்டி போடும் கணக்கில் அதற்கு எந்தப் பத்தியில் இடம்?

2028 லாஸ் ஏஞ்சல்ஸில், ரிவியேரா மைதானத்தில் ஆட்டம் நடக்கும்போது லௌட்டனுக்கு 42 வயது இருக்கும். கோல்ஃபில் அது முடியாத வயது இல்லை. சபாட்டினி வெள்ளி வாங்கியது 45இல். ஆனால் அடுத்த தடவை கேள்வி அவரைப் பற்றி மட்டும் இருக்காது. லாஸ் ஏஞ்சல்ஸில் முதன்முறையாக கோல்ஃபில் கலப்பு அணிப் போட்டியும் சேர்கிறது. ஒரு நாட்டிலிருந்து ஒரு ஆண், ஒரு பெண், இருவரும் சேர்ந்து ஓர் அணி. பெண்கள் பிரிவில் ஆன் ஃபான் டாம் மாதிரி ஒருவர் கமிட்டியின் அளவைத் தாண்டினாலும், ஆண்கள் பக்கம் யாரையும் அனுப்பாவிட்டால் அவருக்கு ஜோடி கிடையாது. ஓர் ஆட்டக்காரரை வீட்டில் நிறுத்துவது இன்னொருவரின் பதக்க வாய்ப்பையும் சேர்த்து நிறுத்துவதாகிவிடும். எட்டு இடக் கணக்கு அப்போது யாருக்கு எப்படிப் போடப்படும் என்பதைக் கமிட்டி இப்போதே, பட்டியல் மூடுவதற்கு நிறைய காலம் இருக்கும்போதே, எழுத்தில் சொல்ல வேண்டும்.